விருந்தினர் புத்தகத்தில் ஒரு வரி

அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. கிளப்பின் பின்பக்கச் சரிவில், தேயிலை முடிந்து சோலை தொடங்குகிற இருட்டுக்குள்ளிருந்து, தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்ட நாய் அதைத் துப்பிவிடப் பார்ப்பதுபோல ஒரு தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. பிரமீளா பென்சிலை அப்படியே நிறுத்திக்கொண்டு முதலில் செய்ய வேண்டியதைச் செய்தாள், மற்றவர்களின் கழுத்தைப் பார்த்தாள். ஏழு மாதமாக இதுதான் பழக்கம். எந்தச் சத்தம் கேட்டாலும் தன் காதை நம்பிவிடக் கூடாது, அடுத்தவர் கழுத்து திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும், திரும்பினால் சத்தம் வெளியே, திரும்பாவிட்டால் உள்ளே. யாரும் திரும்பவில்லை. கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் சீஸ் டோஸ்ட்டைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார்கள், பேரர் சூப் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனான், மேடையில் பல் டாக்டர் வர்கீஸ் டம்போலா பையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அப்படியானால் உள்ளேதானா. கோயம்புத்தூரில் அந்த டாக்டர், மேஜைமேல் கண்ணாடிக் குதிரை வைத்திருந்தவர், "இல்லாத சத்தம் ஏதாச்சும் கேக்குதாம்மா?" என்று கேட்டபோது, இல்லாத சத்தம் இல்லாததுதான் என்று கேட்கிறவளுக்கு எப்படித் தெரியும் டாக்டர் என்று அவள் உண்மையாகவே, பாடத்தில் சந்தேகம் கேட்பது மாதிரி கேட்டாள், அவர் குனிந்து எழுதிக்கொண்டார், அவர் எழுதியதை மாமியார் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். "கேளையாடு" என்று பக்கத்திலிருந்து மிஸஸ் ஐசக் சொன்னார். "சிறுத்தை எங்கேயோ நடமாடுது, அதான் கத்துது. நீ எதுக்குப் பிள்ளே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கே?" கண் பாதிக்கு மேல் போய்விட்ட மனுஷி, அவள் மூச்சு நின்றதைக் கேட்டிருக்கிறார். பிரமீளா மூச்சை விட்டாள். ஆடு. ஆடுதான். வெளியேதான்.

ஆனால் மூச்சை விட்ட பிறகும் அது நெஞ்சுக்குள் முழுசாக இறங்கவில்லை, ஏனென்றால் பயம் ஆட்டைப் பற்றியதல்ல, வாசல் போர்ட்டிகோவில் சாய்மேஜைமேல் திறந்து கிடக்கிற புத்தகத்தைப் பற்றியது, அதில் அவள் எழுதிவிட்டு வந்த ஒரு வரியைப் பற்றியது. அதை நினைக்காமல் இருப்பதற்காக டிக்கெட்டைப் பார்த்தாள். நான்கு, பதினாறு, இருபத்துமூன்று. புதன்கிழமை டம்போலா. மிஸஸ் ஐசக்கால் எண்களைப் பார்க்க முடியாது, அதனால் ஆட்டம் தொடங்குமுன் பதினைந்து எண்களையும் அவள் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும், கூப்பிடக் கூப்பிட அடித்துக்கொண்டு வர வேண்டும். மெனுவை வாசிக்க வேண்டும், யார் வருகிறார்கள், என்ன சேலை, யார் இளைத்திருக்கிறார்கள், யார் ஊதியிருக்கிறார்கள் என்று காதோரம் சொல்ல வேண்டும், படி வந்தால் முழங்கையை லேசாகத் தொட வேண்டும், பிடிக்கக் கூடாது, பிடித்தால் கோபம் வரும். கம்பேனியன் என்று மிஸஸ் ஐசக் எல்லாரிடமும் சொல்வார். எஸ்டேட் துரையாக இருந்து இரண்டு தடவை இந்த கிளப்புக்குப் பிரசிடென்ட் ஆன ஐசக்கின் விதவை, எபனேசர் என்று பேர் வைத்த பங்களாவில் தனியாக இருக்கிறவர், பங்களாவின் அவுட்ஹவுஸைப் பிரமீளாவுக்கும் அப்போது மூன்று மாதமாக இருந்த கைக்குழந்தைக்கும் கொடுத்தவர். அவள் படித்த கான்வென்ட்டின் மதர்தான் சொல்லி அனுப்பினார், நல்லா வாசிப்பாள், சத்தம் போடாமல் நடப்பாள் என்று. கணவர் மஸ்கட்டில் என்று பிரமீளா தானாகச் சேர்த்துக்கொண்டாள். புதன்கிழமை சாயங்காலங்களில் குழந்தை சாருவைத் தோட்டக்காரன் மனைவி ரோஸியிடம் விட்டுவிட்டு வருவாள். விட்டுவிட்டு வந்து, இதைத்தான் அவளால் தனக்குத்தானேகூட ஒப்புக்கொள்ள முடியவில்லை, சந்தோஷமாக இருந்தாள். மெழுகு போட்ட மரத்தரையின் வாசனை, வெள்ளைத் துணி நாப்கின், வெண்ணெய் வழிகிற டோஸ்ட், யாரோ எப்போதோ சொன்ன ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரிப்பது, சிரித்தபின் யாரும் என்ன சிரிப்பு என்று கேட்காமல் இருப்பது. கான்வென்ட்டில் கற்றுக்கொடுத்த ஆங்கிலம், கத்தியும் முள்கரண்டியும் வைக்கிற விதம், நாற்காலியில் நுனியில் உட்காராமல் நிமிர்ந்து உட்காருவது, கல்யாணமான வீட்டில் திமிர் என்று பேர் வாங்கிய அத்தனையும் இங்கே சாதாரணமாக இருந்தன, காற்று மாதிரி இருந்தன. இரண்டு மணிநேரம் அவள் யாருக்கும் மருமகள் இல்லை. சாருவுக்கு அம்மாகூட இல்லை என்று தோன்றுகிற ஒரு நிமிஷம் வரும், அப்போது மார்பில் பால் கட்டி வலித்து, இருக்கிறாய் என்று சொல்லும். போன புதன்கிழமை அந்த வலியைக்கூட அவள் கொஞ்ச நேரம் கவனிக்காமல் இருந்தாள். அதற்குத்தான் இது என்று இப்போது நினைத்தாள். சந்தோஷமாக இருந்ததற்கு.

"ட்வென்டி த்ரீ!" என்றார் டாக்டர் வர்கீஸ். அடித்தாள். எழுதாமல் இருந்திருக்கலாம். ஒரு கிறுக்கலாகக் கிறுக்கியிருக்கலாம். கிளப்புக்கு வரத் தொடங்கி எட்டு புதன்கிழமை எந்தத் தொந்தரவும் இல்லை, வாசலில் நிற்கும் வயசான போஜன் தன் கோணல் எழுத்தில் மிஸஸ் ஐசக், கூட ஒருவர் என்று எழுதிக்கொள்வான், அவ்வளவுதான், கூட ஒருவர், அதைவிட நல்ல பேர் அவளுக்கு யாரும் வைத்ததில்லை. இந்த வாரம் புதுச் செகரெட்டரி, நேவியில் இருந்து ரிட்டயரானவராம், நோட்டீஸ் ஒட்டிவிட்டார், விருந்தினரின் முழுப்பெயரும் விலாசமும் கட்டாயம். போஜன் பழைய மாதிரியே எழுதப் போனான், மிஸஸ் ஐசக் தடுத்தார். "பாதி சட்டம் எங்க வீட்டுக்காரர் போட்டது. நானே மீறினா நல்லா இருக்குமா? நீ தள்ளு, உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பிள்ளே, நீ எழுது." போர்ட்டிகோவின் நடுவில், கைத்தடியை ஊன்றி, குருட்டுக் கண்ணை மேலே விட்டத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக டிக்டேஷன் கொடுத்தார். மிஸஸ் பிரமீளா ரங்கராஜ். கமா. தி அவுட்ஹவுஸ். கமா. எபனேசர். கமா. மேட்டு ரோடு. ஃபுல் ஸ்டாப். அவள் எழுதினாள். அந்த ஃபுல் ஸ்டாப்பைக்கூட வைத்தாள். சிஸ்டர் பெர்னடெட் வகுப்பில் டிக்டேஷன் என்றால் என்ன சொல்கிறார்கள் என்று யோசிக்கக் கூடாது, யோசித்தால் அடுத்த வார்த்தை தப்பிவிடும், காதில் விழுவது நேராகக் கைக்குப் போக வேண்டும், பத்து வருஷம் அப்படிப் பழகிய கை, பேனாவைத் தாளிலிருந்து எடுத்த பிறகுதான் எழுதியது என்ன என்று அவளுக்கே உறைத்தது. பார்த்தபோது முழுப் பேரும் முழு விலாசமும் அங்கே இருந்தன, அழகாக, ஒரே சாய்வில், எல்லா எழுத்தும் கைகோத்துக்கொண்டு. அடித்திருக்கலாம். அடித்தல் திருத்தல் கூடாது, அடித்தால் அந்தப் பக்கமே அசிங்கம், ஒரு அடித்தலுக்கு ஒரு மார்க். அடிக்கவில்லை. "சபாஷ்" என்றார் மிஸஸ் ஐசக், பார்க்காமலே. மிஸஸ் பிரமீளா ரங்கராஜ். ரங்கராஜ் என்று எழுதும்போதுகூட கை தயங்கவில்லையே. முட்டாள். முட்டாள் கை.

அதற்குப் பிறகு அரைமணி கழித்துத்தான் அந்தச் செருமல். ஹாலுக்கும் பாருக்கும் நடுவில் சொரசொரப்புக் கண்ணாடி போட்ட கதவு, பாருக்குள் பெண்கள் போகக் கூடாது, அது ஐசக் துரை காலத்துக்கும் முந்திய சட்டம், கண்ணாடி வழியாக முதுகுகள்தான் தெரியும், முதுகுகளும் உடைந்து உடைந்து, தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி. அந்த முதுகுகளில் ஒன்று இரண்டு தடவை செருமியது, பிறகு சிரித்தது. பேசத் தொடங்குமுன் இரண்டு செருமல், பேசி முடித்ததும் தானே முதலில் சிரிப்பது. சபாபதி மாமா. கணவனின் சித்தப்பா. இல்லை, செருமுகிறவர்கள் எல்லாம் சபாபதி மாமாவா. மலையில் குளிர், யார் வேண்டுமானாலும் செருமலாம். ஆனால் கோயம்புத்தூர் கிளப் ஆட்களுக்கு இங்கே வர உரிமை உண்டு, அந்த ஊர்க் கார்டைக் காட்டிவிட்டு விருந்தினர் புத்தகத்தில் எழுதினால் போதும், அதே புத்தகத்தில், அதே பக்கத்தில், இவர்களுக்குப் பின் வந்தவர் என்றால் அவள் எழுதியதற்கு நேர் கீழே. நேர் கீழே. தேதியை யாரும் திரும்ப எழுதமாட்டார்கள், மேலே இருக்கிற தேதியைப் பார்த்துவிட்டுக் கீழே இரண்டு கோடு போடுவார்கள். தேதியைப் பார்க்கிற கண் தேதியோடு நிற்குமா. குடும்ப மில்லில் கையெழுத்துப் போடும்போது மேல் வரியை வாசிக்காமல் கீழே பேனா வைக்காத மனிதர் அவர். பேரைக்கூட வாசிக்க வேண்டாம், எழுத்தைப் பார்த்தால் போதும். அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உறைகள் முழுக்க அவள்தான் விலாசம் எழுதினாள், அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, "அச்சடிச்சாப்ல இருக்குது அம்மிணி, உன்ற கையில கண்ணு வெச்சிருக்கியா?" என்றார். அந்தக் கை இப்போது போர்ட்டிகோவில் விளக்கு வெளிச்சத்தில் மல்லாந்து கிடக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கலாம். எழுந்தால் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போக வேண்டும். எழுந்து போகாமல் இருந்தால் அது அவர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

"சிக்ஸ்டீன்! ஸ்வீட் சிக்ஸ்டீன்! எங்க போச்சு அந்த வயசு, மிஸஸ் ஐசக்?" "நீங்க பிடுங்கின என் பல்லெல்லாம் போன இடத்துக்குத்தான், டாக்டர். தேடிப் பாருங்க, உங்க டிராயர்லதான் இருக்கும்." ஹால் சிரித்தது. பிரமீளாவும் சிரித்தாள், முகம் சிரித்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை. அந்த வீட்டில் அவளிடம் நல்லபடியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். பிரசவத்துக்குப் பிறகு அவள் தூங்காமல் கிடந்தபோது, காரணம் இல்லாமல் அழுதபோது, குழந்தை அழாத நேரத்திலும் அழுகிறது என்று எழுந்து ஓடியபோது, புத்தி பேதலித்துவிட்டது என்று மாமியார் சொன்னாள், கிறுக்கச்சியிடம் குழந்தையைக் கொடுப்பதா என்று ரங்கராஜ் சாருவை எடுத்துக்கொண்டுபோய்த் தன் அம்மா அறையில் போட்டான், பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் கொண்டுவந்து கொடுப்பார்கள், கொடுத்து முடிக்கும்வரை மாமியார் எதிரே நின்று பார்ப்பாள், பிறகு பாலும் வேண்டாம் மாத்திரை கலந்த பால் என்றாள். அப்போதும் சபாபதி மாமாதான் நெய் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "பொறுத்துப் போகோணும் அம்மிணி, குழந்தை எங்க போயிரும், இந்த வீட்டுலதான இருக்குது, உனக்குச் சரியானதும் கையில குடுத்துருவாங்க" என்றார். சரியானது என்று யார் சொல்வார்கள் என்று கேட்டாள். "நாங்க சொல்றோம்" என்றார், அன்பாகத்தான் சொன்னார், தலையில் கைவைத்துச் சொன்னார். அந்தக் கை கனமாக இல்லை. மறுநாள் விடிவதற்குள், மாமியார் குளிக்கப்போன கொஞ்ச நேரத்தில், அவள் சாருவைத் துண்டோடு சுருட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினாள். தவறா. தவறாகவே இருக்கலாம். சரியில்லாதவள் தனக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம், அதை அவளால் எப்படித் தெரிந்துகொள்ள முடியும். தெரிந்தது ஒன்றுதான். கண்டுபிடித்தால் குழந்தையைக் கொண்டுபோவார்கள். அவளை அடிக்கமாட்டார்கள், வையக்கூட மாட்டார்கள், குழந்தையைக் கொண்டுபோவார்கள், இன்னொரு தடவை குளிக்கப் போகமாட்டார்கள்.

"எழுபத்தேழு கூப்பிட்டாச்சே. அடிச்சியா?" மிஸஸ் ஐசக் குனிந்து கேட்டார். அடிக்கவில்லை. எழுபத்தேழும் நாற்பத்தொன்பதும் காதில் விழுந்து கைக்குப் போகவே இல்லை. அடித்தேன் ஆன்ட்டி என்றாள், அடித்தாள். டிக்கெட்டில் இன்னும் இரண்டு எண்தான் பாக்கி என்று அப்போதுதான் கண்டாள், முப்பத்தெட்டும் எண்பத்தொன்பதும். வேண்டாம். டிக்கெட் முழுசும் முடித்து ஃபுல் ஹவுஸ் அடிக்கிறவர்கள் எழுந்து நின்று கத்த வேண்டும், எல்லாத் தலையும் திரும்பும், எண்களை உரக்க வாசித்துச் சரிபார்க்க வேண்டும், அது முடிந்ததும் டாக்டர் வர்கீஸ் பேரைக் கேட்டு மைக்கில் சொல்வார், கைதட்டுவார்கள், பாரிலிருந்துகூடக் கிளாஸோடு எட்டிப் பார்ப்பார்கள் யாருக்கு அடித்தது என்று. முப்பத்தெட்டு வந்தது. அடித்தாள். இனி அது வரக் கூடாது. எண்பத்தொன்பதே வராதே. ஐந்து வந்தது, அறுபத்திரண்டு வந்தது, எண்பத்தெட்டு வந்தது, இரண்டு எட்டும் இரண்டு குண்டு அம்மாக்கள் என்கிற வழக்கமான ஜோக்கும் வந்தது, கணப்பில் ஒரு கட்டை சரிந்து பொறி பறந்தது, மார்பில் பால் கட்டத் தொடங்கிவிட்டது, சாரு எழுந்திருப்பாள், ரோஸி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பாள். "எய்ட்டி நைன்! ஆல் பட் ஒன்!" பிரமீளா பென்சிலை அசைக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டால் போதும், பிறகு கேட்டாலும் செல்லாது, அதுதான் ஆட்டத்தின் சட்டம், டாக்டரே சீக்கிரம் பையில் கையை விடுங்கள், சீக்கிரம். "ஹவுஸ்!" என்று பக்கத்தில் ஒரு குரல் கூரை அதிரக் கத்தியது. மிஸஸ் ஐசக் கைத்தடியால் தரையை இரண்டு தட்டு தட்டினார். பதினைந்து எண்களையும் ஒரே தடவை கேட்டு மனசில் வைத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு புதன்கிழமையும் அப்படித்தான் வைத்திருந்தாரா. "என்ன பிள்ளே, தூங்கிட்டியா? எழுந்திரு, வாசி. ஜெயிச்சா ஜெயிச்சோம்னு சொல்லணும்." எழுந்து நின்றாள். எல்லாத் தலையும் திரும்பியது. அவள் வாசித்தாள், தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, பரிசளிப்பு விழாவில் வாசிக்கப் பழக்கிய அதே குரலில், அந்தக் குரலைத் தாழ்த்த அவளுக்குத் தெரியவில்லை. பதினைந்தாவது எண்ணில் கண்ணாடிக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். சபாபதி மாமா அங்கே நின்றிருந்தார், கையில் கிளாஸ் இல்லாமல், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, குழந்தைகள் ஒப்பிப்பதைக் கேட்கிற பெரியவர் மாதிரி. புன்னகை செய்தார். தலையை ஆட்டினார். பிறகு கதவு மூடிக்கொண்டது, கைதட்டினார்கள், பிளம் கேக்கைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்கள்.

பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு போர்ட்டிகோவுக்குப் போனாள். கேக் கையிலேயே இருந்தது. புத்தகத்தில் அவள் வரி இருந்தது, அதற்குக் கீழே இரண்டு கோடு, அதற்குப் பக்கத்தில் ஆர். சபாபதி, கோயம்புத்தூர். அவ்வளவுதான். பயந்துகொண்டிருந்தது கண்ணெதிரே வந்ததும் பயம் கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது, பல் பிடுங்கினபின் நாக்கு அந்த இடத்தைத் தேடுவதுபோல அவள் அந்த இரண்டு கோட்டையே பார்த்தாள். "அந்த ஐயா உங்களுக்குச் சொந்தமாங்கம்மா?" என்றான் போஜன் சந்தோஷமாக. "வரும்போதே உங்க எழுத்தைப் பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னாருங்க. இப்ப வந்து மேட்டு ரோடு சர்ச்சுக்கு மேலயா கீழயான்னு கேட்டாரு. மேலதாங்க, எபனேசர்னு கேட்ல எழுதியிருக்கும், அவுட்ஹவுஸுக்குப் பக்கவாட்டுல தனி வழின்னு சொன்னேன். டிரைவர் பஜாருக்குச் சாப்பிடப் போயிட்டானாம், அதோ நிக்கிறாரு." புல்வெளி முனையில், மஞ்சள் விளக்குக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள் ஒரு சால்வை நின்றது. அவசரம் இல்லாமல் நின்றது. போஜனிடம் அவள் தேங்க்ஸ் சொன்னாள். சொன்னபின்தான் சொன்னது தெரிந்தது.

மிஸஸ் ஐசக்கிடம் கார் வேண்டும் என்று கேட்க வேண்டும், கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் மஸ்கட் பொய் உடைய வேண்டும், ஒரு பொய் சொன்னவள் மற்றதிலும் பொய்தான் சொல்வாள், அவுட்ஹவுஸும் போகும், இதையெல்லாம் ஹாலின் அந்த முனையிலிருந்து இந்த முனை வருவதற்குள் நினைத்தாள், மேஜைக்கு வந்ததும் நினைத்த எதுவும் வரவில்லை. "ஆன்ட்டி, அவங்க வந்துட்டாங்க" என்றது வாய். "குழந்தையை எடுத்துட்டுப் போயிருவாங்க." மிஸஸ் ஐசக் புட்டிங் ஸ்பூனைக் கிண்ணத்தில் சத்தமில்லாமல் வைத்தார். யார் என்று கேட்கவில்லை. "மஸ்கட்லேர்ந்தா?" என்றார். "இல்ல ஆன்ட்டி, கோயம்புத்தூர்." "ஏழு மாசமா ஒரு ஏர்மெயில் வரல, ஒரு போன் வரல. எனக்குக் கண்ணுதான் பிள்ளே தெரியாது." பிறகு நாப்கினால் வாயைத் துடைத்தார், இரண்டு ஓரத்தையும் ஒற்றி ஒற்றி, அந்த நிதானத்தில் பிரமீளாவுக்கு அலறலாம் போல இருந்தது. "அந்த அட்ரஸை எழுதச் சொன்னது நான்தானே?" நான்தான் எழுதினேன் ஆன்ட்டி. "நான் சொல்லித்தானே எழுதினே. கிளப் சட்டம், மண்ணாங்கட்டி. சமையல்கட்டுப் பக்கமா போவோம், சுலைமானைக் காரை அங்க கொண்டுவரச் சொல்லு." நாற்பது வருஷமாக முன்வாசல் வழியாக மட்டுமே போன மிஸஸ் ஐசக், எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த படியில், பாத்திரம் கழுவுகிற பெண்கள் வாயைப் பிளந்து பார்க்க, அவள் முழங்கையைத் தானாகவே பிடித்துக்கொண்டு இறங்கினார். இறுக்கமாகப் பிடித்திருந்தார்.

கார் கிளம்பியது. சுலைமான் பாய் பனியில் லைட்டை ஏற்றி ஏற்றி இறக்கினார். வளைவுக்கு வளைவு பிரமீளா பின்னால் திரும்பிப் பார்த்தாள், வெளிச்சம் ஒன்றும் இல்லை, இல்லாதது அவர் இன்னும் கிளம்பவில்லை என்பதாலா, இல்லை வேறு வழியில் முன்னாலேயே போய்விட்டாரா, போயிருந்தால் ரோஸி கதவைத் திறந்திருப்பாள், பெரிய மனிதர், சால்வை, மாமனார் முறை என்றால் ரோஸி திறக்காமல் இருப்பாளா, பாய்கூட விரித்துப் போடுவாள், அவர் சாருவைத் தூக்கிப் பார்த்து எங்க அண்ணன் ஜாடை என்பார். எல்லாக் கதவையும் எல்லாரும் அவருக்குத் திறப்பார்கள். போலீஸுக்குச் சொல்லலாமே என்று ஒரு நினைப்பு வந்தது, போலீஸ் என்ன கேட்கும், குழந்தையின் அப்பா எங்கே என்று கேட்கும், அவர்கள் டாக்டர் சீட்டைக் காட்டினால் போலீஸே குழந்தையை வாங்கிக் கொடுத்துவிடும். இன்றைக்கு ஒரு ராத்திரி. இந்த ஒரு ராத்திரிக்கு மட்டும். நாளைக்கு என்ன என்பது சுவர் மாதிரி நின்றது, அதற்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. "பங்களா விளக்கையெல்லாம் போட்டு வைக்கிறேன்" என்றார் மிஸஸ் ஐசக் இறங்கும்போது. "மனுஷன் மரியாதைக்காரர்னா முதல்ல அங்கதான் வருவார். வந்தா உட்கார வெச்சுப் பேசறேன், விடியற வரைக்கும் பேச எனக்கு விஷயம் இருக்கு. நீ போ, ஓடு."

சாரு தூங்கிக்கொண்டிருந்தாள். ரோஸி தொட்டிலுக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரும் வரலைக்கா, ஏன்க்கா இப்படி வேர்த்திருக்கு என்றாள், பிரமீளா கேக்கை அவள் கையில் திணித்து, வீட்டுக்குப் போ ரோஸி, யார் கேட்டாலும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லு என்று அனுப்பிவிட்டுக் குழந்தையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். கதவு சாத்தியிருந்தது, அவ்வளவுதான், வெறும் சாத்தல். எடுத்ததும் முகத்தைத் திருப்பி மார்பைத் தேடியது குழந்தை, தூக்கத்திலேயே குடித்தது, வலி இறங்கியது, கண் சொருகியது, ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், கார் வந்து நின்ற சத்தம் கேட்டபோது வேறு யாருடைய கழுத்தையும் பார்க்க வழி இல்லை. பங்களாப் பக்கம் போகவில்லை. பக்கவாட்டு வழியில் சரளைக்கல் நொறுங்கியது, மெதுவாக, இருட்டில் கால்வைத்துப் பழகாதவர் நடை. இரண்டு தடவை செருமல்.

"அம்மிணி. நான்தான், சபாபதி மாமா." குரல் கதவுக்கு வெளியே ஒரு கை தூரத்தில் இருந்தது. "பயந்துக்காத கண்ணு. தனியாத்தான் வந்திருக்கறேன். ரங்குவுக்கு இன்னும் போன் போடல. நம்ம குழந்தையப் பாத்து ஏழு மாசமாச்சு, ஒருதடவ பாத்துட்டுப் போயர்றேன்." சாருவின் வாயில் பால் இறங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "எவ்வளவு தெளிவா நம்பர் வாசிச்ச இன்னிக்கு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. இவளையா கிறுக்குன்னு சொன்னாங்கன்னு நெனச்சேன். நான் சொல்றன் வீட்டுல, சரியாயிருச்சுன்னு. நான் சொன்னாக் கேப்பாங்க." நான் சொல்றேன். நாங்க சொல்றோம். அழுகை வந்தது, ஏனென்றால் அதைத்தான் யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏழு மாதமாகக் காத்திருந்தாள், இப்போது சொல்லிவிட்டார், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, உண்மையாகவேகூடச் சொல்லியிருக்கலாம். "கதவு சும்மா சாத்தித்தான் இருக்குதுன்னு தெரியுது. நானாத் தள்ளிட்டு வரமாட்டன். அந்தப் பழக்கம் நமக்கு இல்ல. நீயா ஒரு வார்த்த, வாங்க மாமான்னு சொல்லு. போதும். வெளிய குளுருது அம்மிணி, வயசான மனுசன்."

வாங்க மாமா. அது தொண்டைவரை வந்து நின்றது. வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் அவள் பிறந்ததிலிருந்து ஒருதடவையும் நின்றதில்லை, சண்டைக்காரரையும் சொன்னாள், மாமியாரையும் சொன்னாள், அந்த டாக்டர் வீட்டுக்கு வந்தபோதுகூட எழுந்து நின்று சொன்னாள். சொல்லாமல் விட்டால் வெளியே நிற்கிறவருக்கு அவமானம், சொல்லாதவளுக்கு அதைவிட. ஒரு வார்த்தை. அவர் காத்திருந்தார், காத்திருப்பது தெரிந்தது, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற சத்தம்கூடக் கேட்டது. குழந்தை மார்பை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துத் தூங்கியது. பிரமீளா எழுந்தாள். கதவுக்குப் போனாள். அவர் மூச்சு பலகைக்கு அந்தப் பக்கம், அவள் மூச்சு இந்தப் பக்கம். மேல்தாழ்ப்பாள் பெயின்ட் அடித்து இறுகிக் கிடந்தது, இந்தப் பங்களாவில் யாரும் எந்தக் காலத்திலும் யாருக்கும் தாழ்ப்பாள் போட்டதில்லை போலிருக்கிறது. இடதுகையில் குழந்தை, வலதுகையால் இழுத்தாள், வரவில்லை, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு குத்து குத்தினாள், பெயின்ட் சில்லு உதிர்ந்து சாருவின் முடியில் விழுந்தது. "அம்மிணி?" என்றது வெளியே குரல், முதல்தடவையாகக் கொஞ்சம் உயர்ந்து, "என்ன பண்ற நீ?" இன்னொரு குத்து. தாழ்ப்பாள் அவருக்கும் தெருவுக்கும் பங்களாவுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாக, முழுசாக, உள்ளே போய் விழுந்தது.